விருத்தாசலத்தில் ஒரு குசுகுசுப் பாடம்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்பார் என்று பார்த்தால், "சாப்டீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மொதல்ல சாப்பிட்டுடுங்க, அப்புறம் போவலாம்" என்று ஒரு சின்ன ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தனக்கும் ஒரு டீ சொல்லிக்கொண்டார். பொங்கலில் முந்திரி தாராளமாகக் கிடந்தது. எங்கள் ஈப்போவில் பொங்கலுக்குள் முந்திரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அது பக்கத்துக் கொல்லையில் காய்ப்பது.

மலேசியாவில் நாங்கள் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்போம். கேட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். இந்த ஊர்க்காரர்கள் பதிலுக்காக நிற்கிறார்கள். "சாப்பிட்டேன்" என்றால் "என்ன சாப்டீங்க?" என்பார்கள். "இட்லி" என்றால் "யாரு வூட்ல?" என்பார்கள். நான் இங்கே இருந்த ஒரு வாரத்தில் கண்டக்டர், மருந்துக் கடைக்காரர், லாட்ஜ் வாசலில் பூ விற்ற அம்மாள் என்று எல்லோரிடமும் என் வயிற்றின் நிலவரத்தை ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. பிறகு யாராவது கேட்கவில்லை என்றால் ஏதோ குறைந்தது மாதிரி ஆகிவிட்டது.

நான் ஈப்போவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். ஐம்பதைத் தாண்டியவள். மற்ற ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் சொந்தக்காரர் விருத்தாசலத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். "எங்க டீச்சருங்களுக்கு ஒரு வாரம் வந்து சொல்லிக்கொடுங்களேன்" என்று ஃபோனில் கேட்டார். எனக்கு மார்ச் மாதப் பள்ளி விடுமுறை, கிளம்பிவிட்டேன். இங்கே மார்ச் என்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செல்போன் வந்து, இன்னும் எல்லார் சட்டைப்பையிலும் ஏறாத வருஷங்கள் அவை.

பள்ளியின் தாளாளர் பெயர் நடராஜன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கனத்த குரல். பள்ளிக்கூடம் அவர் அப்பா தொடங்கியது. அவருடைய சொந்தத் தொழில் செராமிக் கம்பெனி. கரண்ட் ஃபியூஸுக்கான பீங்கானும் ஊறுகாய் ஜாடியும் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை என்னை அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். சூளையிலிருந்து வந்த ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். 'டிங்' என்றது. இன்னொன்றைத் தட்டினார். 'டொக்' என்றது.

"இது கீறல் விட்டுருக்குது மேடம். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். "பள்ளிக்கூடமும் அப்படித்தாங்க. நான் கிளாஸுக்குள்ள போவ மாட்டேன். வராண்டாவுல நின்னு காதக் குடுத்தாலே போதும். எந்த டீச்சரு நல்லா நடத்துறாங்க, எங்க கீறல் இருக்குதுன்னு சொல்லிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இங்கிலீஷு படிச்சா புரியும். வாயில வராது. நாலு பேரு இருக்கற எடத்துல பேசணும்னா ஒடம்பெல்லாம் கூசுது. மெட்ராஸ்ல பார்ட்டிங்களப் பாக்கப் போனா மச்சானக் கூட்டிக்கிட்டுத்தான் போறேன். நம்ம புள்ளைங்களுக்கு அந்த நெலம வரக் கூடாது, அதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன்." எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நேரத்தில்தான். அவர் தட்டிப் பார்த்துக் கொடுத்த ஜாடி ஒன்று இன்றும் என் சமையலறையில் எலுமிச்சை ஊறுகாயோடு இருக்கிறது.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. கம்பெனியின் மாடியில் ஒரு ஹால், மின்விசிறி, பளபளக்கும் டைல்ஸ் தரை, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தலைமையாசிரியரும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் இருக்கும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. "ஏதாவது சந்தேகம்?" என்றால் பன்னிரண்டு தலையும் ஒன்றாக ஆடும். டீக்கு இடைவேளை விட்டதும் அதே பன்னிரண்டு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். மதியம் நான் தந்திரமாக டீயை ஹாலுக்குள்ளேயே வரவழைத்துவிட்டேன். டம்ளர் கையில் வந்ததும் பேச்சும் வந்தது.

அவர்கள் பாடம் எடுக்கும் முறை எனக்குப் புதிதல்ல. டீச்சர் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பார்கள், டீச்சர் தமிழில் அர்த்தம் சொல்வார், கேள்விக்குப் பதிலை எழுதிப்போடுவார், பிள்ளைகள் உருப்போடுவார்கள். நாற்பது பேர் ஒரே குரலில் ஆங்கிலம் பேசுவார்கள். தனியாக ஒருவர்கூடப் பேச மாட்டார்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள் என்பதுதான் நான் கொண்டுபோன சரக்கில் முக்கியமானது. ஒருவர் படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் அதைப் பார்க்காமலே வரைய வேண்டும் என்று ஒரு விளையாட்டு. சுவரில் ஒட்டிய வாக்கியத்தை ஓடிப்போய்ப் படித்துவிட்டு ஓடிவந்து கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும் என்று இன்னொன்று. சேலையைச் சொருகிக்கொண்டு டீச்சர்கள் ஓடினார்கள். சிரித்து மாளவில்லை. தாளாளர்கூட எட்டிப் பார்த்து, "ஹால் நல்லா கணகணன்னு இருக்குதே மேடம்!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஆங்கிலத்தில் கேளுங்கள் என்றேன். வரிசையாக எல்லோரும் தபால்தலை சேகரிப்பது என்றார்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒருவர் மட்டும், "மை ஹாபி இஸ் ஸ்லீப்பிங், மேடம். பட் நோ டைம்" என்றார். அவர்தான் மெஹருன்னிசா டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பு தலையில், கையில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி டப்பா. ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறார். பேசும்போது இலக்கணம் அங்கங்கே இடறும், ஆனால் அதற்காக அவர் நிற்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை மெஹர் டீச்சர் மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்தார். நான் போதும் போதும் என்று இலையை மறைக்க மறைக்கக் கரண்டி வந்துகொண்டே இருந்தது. அவர் வீட்டுக்காரர் ரியாத்தில் வேலை பார்த்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டுத் திரும்பி வந்துவிட்டார். எழுந்து வந்து சலாம் சொல்லிவிட்டு மெதுவாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கை கழுவும்போது மெஹர் டீச்சர் சொன்னார்: "பல வருஷமா டெம்பரவரியாவே இருக்கேன் மேடம். இந்த வெள்ளிக்கெழம என் கிளாஸப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு தாளாளர் ஐயா சொல்லிருக்காங்க. இல்லன்னா கடலூர்லேருந்து எம்.ஏ. படிச்ச ஒருத்தவங்க வராங்களாம். அவங்கள நிரந்தரமாப் போட்டுட்டு என்ன அனுப்பிடுவாங்க." சொல்லும்போது கை துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. "நீங்க சொல்லிக்கொடுக்கறத நான் நாளைக்கே செஞ்சு பாக்குறேன் மேடம். வெள்ளிக்கெழம அதையே செஞ்சு காட்டுறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. செய்யுங்கள், நானும் வருகிறேன் என்றேன்.

புதன்கிழமை காலைதான் முதன்முதலாக அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே நீளக் கூடம். அதற்குள் மூன்று வகுப்புகள். இடையிடையே தோள் உயரத்துக்குச் சுவர், அதற்கு மேலே வெறும் காற்று. ஒரு பக்கம் ஆறாம் வகுப்பு, நடுவில் ஏழாம் வகுப்பு, அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் கலியபெருமாள் சார் கணக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே நிறுத்தச் சொல்லத் திரும்பினேன். அதற்குள் மெஹர் டீச்சர் "பேசுங்க பாக்கலாம்!" என்று சொல்லிவிட்டார்.

ஐம்பது பிள்ளைகள். முதலில் ஒருவரையொருவர் பார்த்து இளித்தார்கள். பிறகு ஒரு பையன் பொழுதுபோக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கத்தினான். அவனைவிடச் சத்தமாகக் கேட்டால்தான் தன் கூட்டாளிக்குக் கேட்கும் என்று பக்கத்துப் பெண் கத்தினாள். அவ்வளவுதான். தகரத்தில் மழை கொட்டுவது மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு மேல் கலியபெருமாள் சாரின் தலை தெரிந்தது. "டீச்சர், இங்க பரிச்ச நடக்குது டீச்சர்!" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் "மை ஹாபி இஸ் மேத்ஸ்!" என்று கத்த, அங்கேயும் சிரிப்பு.

வராண்டாவில் தாளாளர் நின்றிருந்தார்.

"என்னாம்மா இது, சந்தக் கடயா?" என்றார். வகுப்பு அடங்கிப்போனது. மெஹர் டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நான் வெளியே ஓடி, நான் சொல்லித்தான் அவர் செய்தார் என்றேன். "உங்களக் கொற சொல்லல மேடம். உங்க ஊர்ல தனித்தனி ரூமு இருக்கும். எனக்கு இருக்கறது இந்தக் கூடம்தான். இன்னும் கொஞ்ச நாள்ல பத்தாவது புள்ளைங்களுக்குப் பரிச்ச. இந்தச் சத்தத்துல அதுங்க என்னா எழுதும், சொல்லுங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "வெள்ளிக்கெழம வழக்கம்போல எடும்மா, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. லாட்ஜுக்கு நடந்து போவதற்குள் அந்தக் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. கதவு சாத்திய ஹாலில், டைல்ஸ் தரையில் ஓடவிட்டு வேடிக்கை காட்டியவள் நான். பாடம் நடக்கிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? நான் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடுவேன். என் யோசனைக்கான பலனை இங்கே இருந்து அனுபவிக்கப்போகிறவர் அந்த அம்மாள். இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கிய புரோட்டா அப்படியே இருந்தது. காலையில் லாட்ஜ் வாசலில் பூக்கார அம்மாள் சாப்டீங்களா என்று கேட்டபோது பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை மெஹர் டீச்சர் வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்தார். நாளைக்கு வேண்டாம், பழைய மாதிரியே வாசிப்பும் அர்த்தமும் எடுத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். "பாக்கலாம் மேடம்" என்றார். பிறகு, "சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் வரீங்களா? எங்க அக்கா பொண்ணுக்குக் கொழந்த பொறந்துருக்குது. பாத்துட்டு வந்துடலாம்" என்றார். தனியாக உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

தனியார் பஸ். டிரைவர் தலைக்கு மேலிருந்த பெட்டியில் பாட்டு அலறியது. அதற்கு மேல் கண்டக்டர் விசில், அதற்கும் மேல் ஜனங்கள். எங்களுக்கு எப்படியோ இடம் கிடைத்தது. கைக்குழந்தையும் கட்டைப்பையுமாக ஒரு பெண் எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை மெஹர் டீச்சர் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெஹர் டீச்சரும் சொந்தப் பிள்ளையை வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டார். நான் திகைத்துப்போனேன். ஈப்போவில் முன்பின் தெரியாதவர் மடியில் பிள்ளையை வைத்தால் போலீஸ் வந்துவிடும். "ஒக்காந்துருக்கறவங்கதான வாங்கிக்கணும் மேடம்" என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. முன் சீட்டிலிருந்து ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார், இன்னொருவர் கொட்டாங்கச்சி மாதிரி வாயைக் குவித்து ஏதோ சத்தமெழுப்பினார். அது ஓய்ந்து தூங்கத் தொடங்கிய சமயம் பஸ் 'கடக்' என்று நின்றது. இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். டிரைவர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். கண்டக்டர் பாட்டை நிறுத்தினார். யாரோ "என்னா ஆச்சி?" என்று சத்தமாக ஆரம்பிக்க, நாலைந்து பேர் ஒன்றாக "ஷ்ஷ்... கொழந்த!" என்றார்கள்.

அதன்பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். அந்தப் பஸ் முழுதும் குரலை இறக்கிக்கொண்டது. "பெல்ட்டு அந்துபோச்சி" என்று கண்டக்டர் ரகசியம் மாதிரி சொன்னார். "எவ்ளோ நேரமாவும்?" என்று ரகசியமாகவே கேட்டார்கள். முன்னால் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. மெஹர் டீச்சர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் என் கிளாஸுதான். கேள்வி கேட்டா வாய தொறக்காதுங்க" என்று என் காதோரம் சொன்னார். "என்னா பேசுதுங்கன்னு உங்களுக்குக் கேக்குதா மேடம்?"

கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கும் கேக்கல. ஆனா பஸ்ஸு பூரா பேசிக்கிட்டுதான இருக்குது?" என்று என்னைப் பார்த்தார். மடியில் குழந்தை. தலைப்புக்குள் கண்கள் இரண்டும் மின்னின. "நாளைக்கு இப்படித்தான் மேடம் எடுக்கப்போறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க நினைத்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, நான் பேசாமல் இருந்துவிட்டேன். பெல்ட் மாட்டிப் பஸ் கிளம்பியது. குழந்தையின் அம்மா தன் ஊர் வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை. நான் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், தலைமையாசிரியர் எனக்குப் பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புக்கு மறுபடியும் தேர்வு. மெஹர் டீச்சர் கரும்பலகையில் மூன்றே கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதினார். சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்? யார் சமைத்தார்கள்? என் பொழுதுபோக்கையும் தபால்தலையையும் காணோம். இந்த ஊரே நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அவை.

பிறகு பிள்ளைகளிடம் கிட்டத்தட்ட காற்றாகவே சொன்னார்: "ரூலு ஒண்ணுதான். நீ பேசறது பக்கத்துல இருக்கறவங்க காதுக்கு மட்டும் கேக்கணும். மூணாவது ஆளுக்குக் கேட்டுச்சின்னா ரெண்டு பேரும் அவுட்டு. இங்கிலீஷு மட்டுந்தான்."

வகுப்பில் குசுகுசுத்தால் பிரம்படி விழும் என்று பழகிய பிள்ளைகள் அவர்கள். அதையே செய்யச் சொன்னால் விடுவார்களா? தலைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. காதுக்குக் கையை அணைகட்டிக்கொண்டு பேசினார்கள். சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினார்கள். பஸ்ஸில் பார்த்த இரண்டு பெண்களும் மூன்று கேள்வியை முடித்துவிட்டு, தாங்களாகவே நாலாவது ஐந்தாவது என்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டாளி வராத ஒரு பெண் மட்டும் நடு வரிசையில் தனியாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வராண்டாவில் தாளாளரின் வேட்டி தெரிந்தது. வழக்கம்போலக் காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டடி நகர்ந்து நின்றார். அங்கேயும் ஒன்றுமில்லை. டிங்கும் இல்லை, டொக்கும் இல்லை. அவர் முகத்தில் குழப்பம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் நெஞ்சு அடித்துக்கொள்வது பத்தாம் வகுப்புக்கே கேட்டிருக்கும்.

முதல் பெஞ்சருகே போய் நின்றார். பிள்ளைகள் வாய் அசைவது தெரிகிறது, பேச்சு கேட்கவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். மூன்றாவது ஆள் பக்கத்தில் வந்ததும் அந்தப் பையன்கள் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த பெஞ்சிலும் அப்படித்தான். அப்படியே நடு வரிசைக்கு வந்தவரைத் தனியாக இருந்த அந்தப் பெண் பார்த்தாள். அவளுக்குக் கூட்டாளி வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நின்று, அவர் காதுக்குக் கையை அணைத்து எதையோ கேட்டுவிட்டாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மெதுவாக மறுபடி குனிந்தார். உதடு அசைந்தது. அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கும் உதடு அசைந்தது. மூன்றாவது கேள்விக்கு நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அவள் அதற்கு ஏதோ பதில் சொன்னாள். அவர் சிரித்தார்.

மதியம் அவளைப் பிடித்து, தாளாளர் என்ன சொன்னார் என்று கேட்டுப் பார்த்தேன். "சொல்லக் கூடாதுங்க மேடம். மூணாவது ஆளுக்குக் கேட்டா அவுட்டு" என்று ஓடிவிட்டாள்.

தாளாளர் மெஹர் டீச்சரை ஒரு தரம் பார்த்தார். அவர் கரும்பலகையோடு ஒட்டி நின்றிருந்தார், சாக்குக்கட்டி டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. தாளாளர் நடந்து எங்கள் பெஞ்சுக்கு வந்தார். தலைமையாசிரியர் எழுந்து நின்றார். ஐயா தமிழில் ஏதோ உத்தரவு போடப்போகிறார் என்று இருவரும் காத்திருந்தோம்.

அவர் எனக்கும் தலைமையாசிரியருக்கும் நடுவில் தலையை நீட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, ஆங்கிலத்தில் குசுகுசுத்தார்.

"ஷீ... வில் ஸ்டே. பெர்மனன்ட். திஸ் கிளாஸ் ஒன்லி."

நான் சந்தோஷத்தில் வாய்விட்டு ஏதோ சொல்லப்போனேன். அவர் சட்டென்று உதட்டில் விரலை வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள்.